புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் விளையாட்டு திக்கினால்

ஈசூனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தேசிய சேவை முடித்த கையோடு, சேர்த்து வைத்த காசில் ஆர்டிஎக்ஸ் 4070 வாங்கிப் பழைய கணினியில் போட்டிருக்கிறார். சிபியு ரைசன் 5 3600, மதர்போர்டு பி450, ரேம் 16 ஜிபி, திரை 1080பி, 144 ஹெர்ட்ஸ். சராசரி 110 எஃப்.பி.எஸ் (வினாடிக்கு 110 ஃபிரேம், அதாவது 110 படம்) காட்டுகிறதாம். ஆனால் ஆள்கூட்டமுள்ள இடத்துக்குப் போனால் திக்கித் திக்கி ஓடுகிறதாம். நண்பர்கள் "மொத்தமா மாத்து" என்கிறார்கள். யூடியூபிலோ விண்டோஸில் 25 செட்டிங்கை மாற்றினால் பறக்கும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேர் பேச்சையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் கணினியில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யக் கூடாது.

பிங் (சர்வருக்குப் போய் வரும் நேரம்) 5 மில்லிவினாடிதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தகவல். இங்கே ஃபைபர் இணைப்பு இருக்கிறது, பல பெரிய விளையாட்டுகளின் சர்வரும் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. அதனால் "லேக்" என்று நாம் பொதுவாகத் திட்டுவதில் பாதி இணையத்தின் தப்பே இல்லை. வீட்டுப் பெட்டிக்குள்ளேயே படம் தாமதமாகத் தயாராகிறது.

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் ஒரு புரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆர்டரைக் கேட்டு, மாவு உருண்டையை எடுத்து வீசி மடிக்கிறார். பக்கத்திலேயே பெரிய கல். வீசுபவர் சிபியு, கல் கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று கணக்குப் போட்டு, "இதை வரை, அடுத்து அதை வரை" என்று சிபியு உத்தரவு கொடுத்தால்தான் கார்டு வரையத் தொடங்கும். நீங்கள் செய்தது கல்லை மட்டும் பெரிதாக்கிய வேலை. வீசுபவர் பழைய ஆள்தான். கல் பாதி நேரம் காலியாகக் காய்கிறது.

ரெசொல்யூஷன் என்பது புரோட்டாவின் அளவு மாதிரி. பெரிதாகப் போட்டால் கல்லில் வேக நேரமாகும், ஆர்டர் எண்ணிக்கை மாறாது. இதை வைத்தே சோதித்துவிடலாம். திக்குகிற அதே இடத்தில் நின்றுகொண்டு ரெசொல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ் சட்டென்று ஏறினால் கார்டுதான் திணறியது. ஏறாமல் அதே எண்ணிலேயே நின்றால், சிபியு பக்கம்தான் அடைப்பு. இன்னொரு அடையாளமும் உண்டு. ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு கருவியில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். எந்த எஃப்.பி.எஸ் வரம்பும் போடாத நிலையில் அது 95 சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் கார்டு முழுதாக உழைக்கிறது. 60, 70 என்று தொங்கினால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது. நீங்கள் சொல்லும் உருப்படிகளை வைத்துப் பார்த்தால், 1080பி-யில் உங்களுக்கு இரண்டாவதுதான் வரும் என்று பந்தயமே கட்டுவேன்.

இங்கே நிறைய பேர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, "சிபியு 40 சதவீதம்தானே ஓடுகிறது, அதில் என்ன குறை?" என்பார்கள். உங்கள் 3600-இல் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டுக்கும் சேர்த்த சராசரி. ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் அந்தக் கணக்கில் அது எட்டு சதவீதம்தான். பெரும்பாலான விளையாட்டுகளில் தலைமை த்ரெட் என்று ஒன்று இருக்கும், மற்றவை அது சொல்வதற்காகக் காத்திருக்கும். கடையில் எடுபிடிக்குப் பத்துப் பேர் இருந்தாலும் வீசுகிற மாஸ்டர் ஒருவர்தான் என்றால், மற்றவர்கள் கை கட்டி நிற்க வேண்டியதுதான். விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் போன்ற மென்பொருள்கள் 2015, 2016 வாக்கில் வந்து, வரையும் உத்தரவு கொடுக்கும் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்தன. ஆனாலும் விளையாட்டின் கணக்கு வழக்கு எல்லாவற்றையும் அப்படிப் பிரித்துவிட முடிவதில்லை. விளையாட்டுக்கென்று சிபியு வாங்கும்போது கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சராசரி 110 என்கிறீர்களே, அந்த எண்ணையும் நம்ப வேண்டாம். 110 எஃப்.பி.எஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 9 மில்லிவினாடி. அது சீராக வந்தால் கண்ணுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். நடுநடுவே ஒரு ஃபிரேம் 40, 50 மில்லிவினாடி எடுத்தால் சராசரி அசையவே அசையாது, கை மட்டும் உணரும். அதனால்தான் "1% லோ" என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதே அது. சராசரி 110, ஒரு சதவீதம் 45 என்று வந்தால், உங்கள் எரிச்சலுக்கு விலாசம் கிடைத்துவிட்டது. இந்தக் கடைசி எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சிபியுவும் ரேமும்தான்.

அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பிறகு எதை வாங்குவது என்பது இதில்தான் இருக்கிறது. மாஸ்டரின் கைக்கு எட்டும் தூரத்தில் உருண்டைகள் அடுக்கிய தட்டு ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் கேஷ். தட்டு காலியானால் பின்கட்டுக்கு ஓட வேண்டும், அது ரேம். 3600-இல் எல்3 என்ற பெரிய கேஷிலிருந்து தகவல் எடுக்கச் சுமார் 10 நானோவினாடி ஆகும். ரேம் வரை போனால் 70, 80 ஆகிவிடும். கூட்டமுள்ள நகரக் காட்சியில் நூறு பேர் நூறு திசையில் நடக்கும்போது தகவல் சிதறிக் கிடக்கும், தட்டில் இருக்காது. ஒவ்வொரு தடவையும் பின்கட்டு ஓட்டம்தான். உங்கள் சிபியுவில் 32 மெகாபைட் எல்3 இருக்கிறது என்று கணக்குச் சொல்வார்கள். உண்மையில் அது 16, 16 என இரண்டாகப் பிரிந்து மும்மூன்று கோர்களுக்கு இருக்கிறது. ஏஎம்டி 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி என்று ஒன்றை விட்டது. கேஷை மேலே இன்னோர் அடுக்காக ஒட்டி 96 மெகாபைட் ஆக்கியிருந்தார்கள். அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதற்கு முந்தைய 5800எக்ஸ் 4.7. கிகாஹெர்ட்ஸ் குறைவு, ஆனாலும் விளையாட்டில் முந்தியது புதியதுதான். பின்கட்டு ஓட்டம் குறைந்தால் போதும், கை வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை.

சரி, காசு செலவழிக்காமல் செய்ய வேண்டியவை.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து ரேம் வேகத்தைப் பாருங்கள். 2133 அல்லது 2666 என்று இருந்தால், நீங்கள் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு அதைவிடக் குறைந்த வேகத்தை ஓட்டிக்கொண்டிருக்கலாம். டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் தன் முழு வேகத்தில் தானாக ஓடாது. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்பதை நாம்தான் போட வேண்டும். இது அரிய தப்பு என்று நினைக்காதீர்கள். உட்லண்ட்ஸில் என் அத்தை பையனுக்கு ஒரு கடையில் சேர்த்துக் கொடுத்த கணினி இரண்டு வருடம் 2133-லேயே ஓடியது. நான் வேறு வேலையாகப் போனபோது தற்செயலாகப் பார்த்தேன். பயாஸுக்குள் போய் ஒன்றை மாற்றி, சேமித்து, மறுபடி துவக்கினேன், இரண்டு நிமிட வேலை. அவன் என்னை அன்றிலிருந்து மந்திரவாதி மாதிரி பார்க்கிறான். ரைசனில் இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் சிபியுவின் உள்பாகங்கள் பேசிக்கொள்ளும் வேகமே ரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கூடவே ரேம் ஒரே ஸ்டிக்கா, இரண்டா என்றும் பாருங்கள். ஒரே 16 ஜிபி ஸ்டிக் என்றால் சாலையில் ஒரு தடத்தை அடைத்த மாதிரி.

பயாஸுக்குள் போனது போனீர்கள், அதன் பதிப்பையும் பார்த்துவிடுங்கள். ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் அவ்வப்போது ஓரிரு வினாடிகள் எல்லாவற்றையும் உறைய வைக்கிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. ஏஜிசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) 1.2.0.7 முதலான பயாஸ்களில் அதைச் சரி செய்துவிட்டார்கள். பி450 மதர்போர்டு வாங்கிய நாளிலிருந்து பயாஸைத் தொடாதவர் என்றால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸைப் புதுப்பிக்கும் முன் மீட்புச் சாவியைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம்மூர் வெயில். வெளிநாட்டு விமர்சனக்காரர்கள் 21, 22 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். மத்தியானம் ஏர்கோன் போடாத வீவக அறை 31, 32 டிகிரி. காற்றுக் கூலரில் அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ அதே பத்து டிகிரி ஏறும். அதிலும் கணினியை மேசைக்கடியில் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெந்நீர்ப் பானை மாதிரி கொதிக்கும். சிபியு சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். "ராத்திரி நன்றாக ஓடுகிறது, சனிக்கிழமை மத்தியானம்தான் படுத்துகிறது" என்பவர்கள் முதலில் தூசியைத் தட்டி, கூலரில் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கிறதா என்று பார்க்கலாம். உங்கள் 3600 வாங்கி நான்கைந்து வருடம் ஆகியிருக்கும், காய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி விண்டோஸ். செட்டிங்குகள் இழந்ததை மீட்டுத் தரும், இல்லாத வேகத்தை உண்டாக்காது. 25 செட்டிங்கில் பயனுள்ளவை நாலைந்துதான். முதலில் டிஸ்பிளே பக்கத்தில் திரை உண்மையிலேயே 144 ஹெர்ட்ஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கி மூன்று மாதம் 60-இல் ஓட்டிக்கொண்டு "ஆகா, என்ன வழவழப்பு" என்று எல்லோரிடமும் பெருமையடித்தவன். கேம் மோடை விட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும். 2017-இல் வந்தபோது அதைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. இப்போது விளையாடும் நேரத்தில் விண்டோஸ் அப்டேட் குறுக்கே வராமல் தடுப்பதற்காவது உதவுகிறது. பின்னணியில் எப்போதும் பதிவு செய்துகொண்டிருக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். மின்திட்டம் பேலன்ஸ்டிலேயே இருந்தால் மேசைக் கணினியில் பெரிய நஷ்டமில்லை. மடிக்கணினி என்றால் கதை வேறு, சார்ஜரைச் செருகாமல் விளையாடிவிட்டுக் குறை சொல்லக் கூடாது.

பின்னணியில் ஓடுபவைதான் உண்மையான திருடர்கள். நாலு விளையாட்டு லாஞ்சர், முப்பது தாவல் திறந்த பிரவுசர், விளக்கு வண்ணம் மாற்ற ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, மதர்போர்டு கம்பெனி கொடுத்தது ஒன்று. எட்டுக்கு மேல் கோர் உள்ளவர்களுக்கு இது கொசுக்கடி. ஆறு கோரை ஒரு விளையாட்டே கசக்கிப் பிழியும்போது இவர்கள் ஆளுக்கொரு வாய் கேட்டால் அந்த 1% எண்ணில்தான் அடி விழும். ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து தாட்சண்யம் பார்க்காமல் அணையுங்கள்.

மெமரி இன்டெக்ரிட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இல் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் இருக்கும். இதை அணைத்தால் விளையாட்டு வேகம் கூடலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது, ஆடி முடித்ததும் திரும்பப் போடச் சொல்லி எச்சரித்தும் இருக்கிறது. கெட்ட நிரல் விண்டோஸின் அடிமடியில் கை வைக்காமல் தடுக்கும் காவல் அது. உங்கள் தலைமுறை ரைசன் 3000-லிருந்து இதற்கென வன்பொருள் உதவியே இருப்பதால் இழப்பு குறைவு, அதற்கு முந்தைய ரைசன்களில்தான் அதிகம் வலிக்கும். என் கருத்து: சிங்பாஸ், வங்கிக் கணக்கு எல்லாம் அதே கணினியில் திறப்பவர் என்றால், சில ஃபிரேமுக்காகக் காவலாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். செக்யூர் பூட்டையும் டிபிஎம்மையும் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் மாதிரி விளையாட்டுகள் அவை இல்லாமல் திறக்காது. இன்னும் விண்டோஸ் 10-இல் இருந்தால், அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 3600 விண்டோஸ் 11-க்கு ஏற்றதுதான், மாறிவிடுங்கள்.

மற்ற யூடியூப் வித்தைகளில் பெரும்பாலானவை சும்மா. எம்எஸ்கான்ஃபிக்கில் "பிராசசர் எண்ணிக்கை" பெட்டியில் டிக் போட்டால் எல்லா கோரும் விழித்துக்கொள்ளும் என்பது பத்துப் பதினைந்து வருடக் கட்டுக்கதை. அந்தப் பெட்டி கோர்களை மட்டுப்படுத்தத்தான் இருக்கிறது, டிக் போடாவிட்டால் எல்லாமே ஓடும். ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் எடுத்துக்கொள்ளும் பேஜ்ஃபைலை அணைத்தால் சில விளையாட்டுகள் பாதியில் செத்துப்போகும். விண்டோஸை "இளைக்க வைக்கும்" ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிட்டு, பிறகு எக்ஸ்பாக்ஸ் ஆப் திறக்கவில்லை என்று என்னிடம் வந்த நண்பருக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கித் தந்த தே தாரே அதற்குக் கூலி.

விளையாட்டுக்குள்ளேயே சில செட்டிங்குகள் விண்டோஸைவிட அதிகம் உதவும். கூட்ட அடர்த்தி, பார்வைத் தூரம், நிழல், ரே டிரேசிங் ஆகியவை சிபியுவையும் கசக்குபவை. அவற்றை ஒரு படி இறக்குங்கள். டெக்ஸ்சரை இறக்கிப் பயனில்லை, அது கார்டின் வேலை. குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்ஸை "பெர்ஃபார்மன்ஸ்" என்று வைத்தாலும் உங்கள் நிலைமையில் எஃப்.பி.எஸ் ஏறாது, ஏற்கெனவே காலியாக இருக்கும் கல்லை இன்னும் காலியாக்குவதுதான் நடக்கும். ஃபிரேம் ஜெனரேஷன் வேறு மாதிரி. சிபியுவைக் கேட்காமல் கார்டே நடுவில் ஃபிரேமைச் செருகுகிறது. அதற்கு விண்டோஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கதை விளையாட்டுகளுக்குப் பரவாயில்லை. சுடும் போட்டிகளுக்கு வேண்டாம், கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், கை சொன்னது திரைக்குப் போகும் வேகம் அதிகரிக்காது. எஃப்.பி.எஸ்ஸை 90 அல்லது சிபியு தாங்குகிற ஏதோ ஒரு எண்ணில் வரம்பு கட்டிப் பாருங்கள். எண் குறையும், ஆனால் ஏறி இறங்கி ஆடுகிற 110-ஐவிட நிலையான 90 எவ்வளவோ மேல்.

இத்தனையும் செய்து, இரண்டு வாரம் விளையாடியும் 1% லோ பிடிவாதமாக இருந்தால் மட்டும் காசை எடுங்கள். அப்போதும் மொத்தத்தையும் மாற்றத் தேவையில்லை. உங்கள் மதர்போர்டில் சிபியு உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டிலேயே 5800எக்ஸ்3டி அல்லது 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டி உட்காரும். இரண்டுக்கும் 96 மெகாபைட் கேஷ். ரேம், மதர்போர்டு, பெட்டி எல்லாம் அப்படியே இருக்கும். சிம் லிம் ஸ்குவேரில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், புதியது கிடைக்காவிட்டால் கேரௌசலில் பழையது தேடுங்கள். பழையது வாங்கும்போது சிப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள், ஏஎம்4-இல் பின்கள் சிப்பில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்திருந்தாலும் வம்பு. இவற்றோடு கூலர் வராது. 3600-உடன் வந்த சின்னக் கூலர் 65 வாட் சிப்புக்கு ஆனது, இவை 105 வாட். நம் வெயிலுக்கு ஒரு நல்ல காற்றுக் கூலருக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இன்டெல் பக்கம் தாவலாமா என்று கேட்டால், மதர்போர்டோடு சேர்த்து வாங்க வேண்டும், இப்போது தேவையில்லை. பழைய 13, 14-ஆம் தலைமுறை சிப் எதையாவது மலிவாக யாராவது நீட்டினால் மட்டும் கவனம். அவற்றில் சில, மின்னழுத்தக் கோளாறால் நாளடைவில் நிலையில்லாமல் போயின. இன்டெல் 2024-இல் மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் விட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது.

மாற்றும் நாளில் இந்த வரிசையில் செய்யுங்கள். பழைய சிப் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும், புதியதைப் போட்ட பிறகு திரை வராவிட்டால் பல மதர்போர்டுகளில் புதுப்பிக்க வழியிருக்காது. பிறகு கால் மணி நேரம் ஏதாவது விளையாட்டை ஓட்டி சிபியுவைச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை நேரே மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்ட்டோடு நேரே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே சிப் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்களும் வளையும். எனக்கு ஒரு தடவை வந்தது. மெக்கானிக்கல் பென்சில் முனையால் பதினோரு பின்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு விடியற்காலை மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன்.